தணிகைப் படியோரம் என் கையைத் தொட்டவள்

என் இடது கைச் சுண்டுவிரல் வெந்து கொப்புளம் கட்டியிருந்தது. எனக்கு அது தெரியவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த சுலோச்சனாதான் பார்த்தாள். 1968ஆம் வருஷம், பங்குனி மாதம், முகாமின் ஏழாம் நாள் காலை. அந்தக் காலையிலிருந்துதான் நான் ஆரம்பிக்க வேண்டும்.

என்னை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் கஸ்தூரி. திருவள்ளூரிலிருந்து ஊத்துக்கோட்டை போகிற சாலையில் எங்கள் ஊர். வீட்டுக்காரர் ஏகாம்பரம், சொந்த நிலத்தில் நெல் பயிரிடுகிறவர். எங்களுக்கு மூன்று பிள்ளைகள். நம்முடைய கிருத்திகைக் கூட்டத்தில் வந்து பேசும்படி மூன்று வருஷமாகக் கேட்கிறீர்கள். ஏதேதோ காரணம் சொல்லித் தள்ளிப்போட்டேன். முருகன் எனக்குச் செய்ததைச் சொல்லவேண்டுமென்றால் மனிதர்கள் எனக்குச் செய்ததையும் சொல்லவேண்டி வரும். அதுதான் தயக்கம். இன்றைக்கு இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

திருவாலங்காட்டுக்கு மேற்கே ஒரு மாந்தோப்பில் அப்போது வருஷாவருஷம் பங்குனியில் பத்து நாள் முகாம் நடக்கும். உத்திரத்துக்கு முதல் நாள் முடிந்து, மறுநாள் எல்லோரும் காவடியோடு திருத்தணிக்கு நடப்பார்கள். ஆறு வருஷம் விடாமல் போனேன். அந்தப் பத்து நாளுக்காகவே மீதி வருஷத்தை ஓட்டினேன் என்று சொன்னால் மிகையில்லை. விடியுமுன்னே மணி அடிக்கும். பம்புசெட் தொட்டியில் குளியல். பிறகு பஜனை. மதியம்வரை யாரும் பேசக்கூடாது. பேசாமலே காய் நறுக்குவோம், பேசாமலே கோலம் போடுவோம். மரத்திலிருந்து மாவடு உதிர்கிற சத்தம்கூடக் கேட்கும். வேப்பம்பூ கொட்டிக் கிடக்கும். குயில் மட்டும் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் கத்திக்கொண்டிருக்கும்.

எனக்கு அங்கே சமையல் பொறுப்பு. இருநூறு பேருக்கு உலை வைப்பேன். சாப்பாட்டுப் பந்தியில் சாதி கிடையாது. நிலம் வைத்திருக்கிறவரும் ஏரில் கூலிக்குப் போகிறவரும் பழவேற்காட்டிலிருந்து வந்த மீன்காரக் குடும்பங்களும் ஒரே வரிசையில் உட்காருவோம். முகாமை நடத்தியவர் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் அய்யா. தினமும் இலை போட்டதும், "இங்கே மேலும் இல்லை, கீழும் இல்லை" என்பார். கேட்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

சுலோச்சனா கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பெண். என்னைவிட நான்கைந்து வயது இளையவள். முதல் வருஷமே என் பாய்க்குப் பக்கத்தில் பாய் போட்டாள். அன்றிலிருந்து ஆறு வருஷமும் அதே இடம்தான். இரண்டாம் வருஷம் அவளுக்குக் குறைப்பிரசவமாகி முகாமிலேயே படுத்துவிட்டாள். அவள் துணியைத் துவைத்து, கஞ்சி ஊட்டி, முடி வாரிப் பின்னிவிட்டவள் நான். கூடப்பிறந்தவள் இல்லாத எனக்கு முருகன் கொடுத்த தங்கை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன்.

அவளிடம்கூட நான் ஒன்றை மறைத்திருந்தேன். இடது முழங்கைக்குக் கீழே ஒரு தேமல். இரண்டு வருஷமாக இருந்தது. வெளுப்பாக, ஓரம் சற்றே சிவந்து, ஒரு வெற்றிலை அளவுக்கு. கிள்ளினால் வலிக்காது. நீளக்கை ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டேன். தினமும் விபூதி குழைத்துப் பூசினேன். அது என்ன என்று எனக்குள்ளே ஒரு சந்தேகம் இருந்தது. அந்தப் பெயரை மனதுக்குள்கூட உச்சரிக்காமல் இருந்தேன்.

ஏழாம் நாள் காலை, சாத அண்டாவின் விளிம்பைப் பிடித்து இறக்கியிருக்கிறேன். துணி விலகி விரல் அண்டாவில் பட்டிருக்கிறது. சுலோச்சனா என் கையைப் பிடித்து இழுத்தாள். மௌன நேரம் என்பதால் பேசாமலே தொட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே வைத்துக் கேட்டாள், வலிக்கவில்லையா என்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. ரவிக்கைக் கையைச் சுருட்டித் தேமலைக் காட்டினேன். இரண்டு வருஷமாகச் சுமந்ததை இறக்கி வைத்தேன்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் தலையில் கை வைத்தாள்.

"அழாதக்கா. எங்க நைனா மேல ஆணையா சொல்றேன், இது என்னோடவே போவும், யாராண்டயும் சொல்ல மாட்டேன். உத்திரம் முடியட்டும். ரெண்டு பேருமா எங்கனா போய்க் காட்டலாம்."

அன்று பஜனையில் நான் வாய்விட்டுப் பாடினேன். இரண்டு வருஷத்தில் அப்படிப் பாடியதில்லை.

மறுநாள் மதியம் பந்திக்குப் போனேன். என் இடத்தில் இலை இல்லை. வரிசை முடிந்து பத்தடி தள்ளி, ஒரு மாமரத்தடியில் தனியாக ஓர் இலை போட்டிருந்தது. அது யாருக்கு என்று கேட்க வாயைத் திறந்தேன். எல்லோரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அன்று அய்யா "மேலும் இல்லை, கீழும் இல்லை" என்று சொல்லவில்லை.

நான் சாப்பிடவில்லை. அடுப்படிக்குப் போனேன். காலையில் நான் கடைந்து வைத்திருந்த மோரை இரண்டு பெண்கள் வாழைக்குழியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். இருநூறு பேருக்கான மோர். என்னைப் பார்த்ததும் ஒருத்தி பானையை அப்படியே விட்டுவிட்டு நகர்ந்துபோனாள். போன வருஷம் அவள் மகளுக்கு அம்மை போட்டபோது வேப்பிலை அரைத்துக் கொடுத்தது நான்.

அய்யா கூப்பிட்டு அனுப்பினார். அவர் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். ஜனங்கள் பயப்படுகிறார்கள் என்றார். குழந்தைகள் இருக்கிற இடம் என்றார். போன பிறவியின் கணக்கு எல்லோருக்கும் உண்டு, அதைத் தனிமையில் கழிப்பதுதான் நல்லது என்றார். யார் சொன்னது என்று மட்டும் கேட்டேன்.

"யார் சொன்னா இன்னாம்மா. நெசந்தானே?"

வெளியே வந்தேன். சுலோச்சனா தாழ்வாரத்தில் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரிலேயே நின்றேன். அவள் தலையைத் தூக்கவில்லை. கத்தி மட்டும் வேகமாக ஓடியது. நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் பூசணித் துண்டுகளை அள்ளி முறத்தில் போட்டுக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

துணிமூட்டையை எடுத்துக்கொண்டு தோப்பைவிட்டு நடந்தேன். வேலிப்படலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். என் பாயை ஒருத்தி நீளக் குச்சியால் தள்ளிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் புகை எழும்பியது. அதற்குப் பக்கத்துப் பாய் முந்தின நாள்வரை என் பாயோடு ஒட்டிக் கிடந்தது. அதை யாரும் எரிக்கவில்லை.

சொந்தங்களே, நோய் என்னை அவ்வளவு வருத்தவில்லை. ஊர்க்காரர்கள் விரட்டியிருந்தால் ஊர் அப்படித்தான் என்று இருந்திருப்பேன். சாமி பேரைச் சொல்லிச் சேர்ந்த இடம் அது. நான் நம்பிச் சொன்னது ஒரே ஒருத்தியிடம். அந்த ஒன்று ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை.

வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. உத்திரம் முடிந்துதான் வருவேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். இப்போதே போய் நின்றால் காரணம் சொல்ல வேண்டும். திருவாலங்காடு ஸ்டேஷனில் ரயில் ஏறி, அரக்கோணத்தில் மாறி, திருத்தணியில் இறங்கினேன். ஏன் அங்கே போனேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. பக்தியால் போகவில்லை. முருகனோடு சண்டை போடப் போனேன் என்றுதான் நினைக்கிறேன். சரவணப் பொய்கைக்கரை மண்டபத்தில் தங்கினேன். அங்கே போனதிலிருந்து அவன் பெயரைச் சொல்லவே இல்லை. மலையைப் பார்த்துக்கூட உட்காரவில்லை.

உத்திரத்தன்று காலை பொய்கையில் இறங்கினேன். தண்ணீர் வலது கையில் சில்லென்று இருந்தது. இடது கைச் சுண்டுவிரலிலும் அதற்கு அடுத்த விரலிலும் ஒன்றுமே இல்லை. அப்போது உடைந்துபோனேன். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு கேட்டேன். நோய் போகட்டும் என்று கேட்கவில்லை. "முருகா, எனக்கு வேறே எதுவும் வேண்டாம். அருவருக்காமல் ஒருத்தராவது என் கையைத் தொடட்டும். நான் என்ன செய்யணும்னு அவங்க வாயால் சொல்லட்டும். அது நடக்கலைன்னா நீ இல்லைன்னு எடுத்துக்கறேன்." இதே வார்த்தைகள். அப்படிக் கேட்டது தப்புதான். ஆனால் கேட்டேன்.

மலைப்படியின் அடிவாரத்தில் அந்தக் காலத்தில் பெருவியாதிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நானும் வருஷாவருஷம் காசு போட்டிருக்கிறேன். முகத்தைப் பார்க்காமல், தகரக்குவளையில் படாமல், மேலேயிருந்து போடுவேன். அன்று வெயில் ஏறியதும் நிழல் தேடினேன். அந்த வரிசையின் கடைசியில்தான் நிழல் இருந்தது. அங்கே போய் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் ஒரு பெண். அறுபது வயது இருக்கலாம். இரண்டு கையிலும் விரல்கள் பாதிப்பாதி. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வெரலு நல்லா கீதே. எதுக்கு இங்க வந்து குந்திக்கினு கீற?"

அவள் பார்வை கொப்புளத்தின்மேல் போனது. எதுவும் கேட்காமல் என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எடுத்த மாதிரியே இல்லை, அவ்வளவு இயல்பாக. கண்ணை மூடச் சொன்னாள். என் கொண்டையிலிருந்து ஊசியை உருவச் சொல்லி, அதைத் தன் இரண்டு கைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு குத்தினாள். குத்துகிற இடம் தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சில இடம் தெரிந்தது. தேமலில் தெரியவில்லை. விரலில் தெரியவில்லை. பிறகு முழங்கைக்குப் பின்னால் அழுத்தினாள். கண்ணைத் திறந்துவிட்டேன், வலி தாங்கவில்லை.

"நரம்பு கயிறாட்டம் தடிச்சிக்கினு கீது. எனக்கும் இப்டித்தான் ஆரம்பிச்சுது. திருவள்ளூர்ல புதன்கெழம மாத்திர தராங்க. நான் போவசொல்ல வெரலு பூட்டுது. மாத்திர நோவத்தான் நிறுத்தும், போன வெரல கொண்டாராது. நீ இன்னும் நேரத்தோடதான் கீற. போ."

காலையில் தண்ணீரில் நின்று கேட்டேன். சூரியன் உச்சிக்கு வருவதற்குள் என் கை ஒரு மடியில் கிடக்கிறது. செய்யவேண்டியது என்ன என்று கிழமையோடு சொல்லியாகிவிட்டது. அவள் பெயர் குப்பம்மா. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீன்பிடிக் குப்பத்துக்காரி. இரண்டு மகன்கள் இருந்தார்கள். அவர்களே கொண்டுவந்து இங்கே விட்டுவிட்டுப் போனார்களாம்.

அவளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே பஜனைச் சத்தம் கேட்டது. முகாம்காரர்கள் வந்துவிட்டார்கள். அய்யா முன்னால், காவடிகள் பின்னால். பெண்களில் சிலர் பையிலிருந்து சில்லறை எடுத்து வரிசையாகப் போட்டுக்கொண்டு வந்தார்கள். எங்கள் பக்கம் போட்டுவந்தது சுலோச்சனா. எனக்கு எழுந்து ஓடத் தோன்றியது. கை குப்பம்மாவின் மடியில் இருந்தது. இழுக்கவில்லை.

குப்பம்மாவின் குவளையில் காசு விழுந்தது. அடுத்தது நான். சுலோச்சனா நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். கூட்டம் பின்னாலிருந்து தள்ளியது. எனக்கு முன்னாலும் ஒரு காசைப் போட்டுவிட்டுப் படியேறிப் போனாள்.

"தெரிஞ்சவளா?" என்றாள் குப்பம்மா.

தங்கை என்றேன்.

"என் பசங்களும் வருசத்துக்கு ஒருவாட்டி வருவானுங்க. ஏறசொல்ல இந்தப் பக்கம் பாக்க மாட்டானுங்க."

அந்தக் காசை எடுத்துத் தன் குவளையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மாட்டுக்கு வைக்கோல் பிரித்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே முழுக்கட்டையும் பிரித்து முடித்தார். நானே தட்டு, தம்ளர், படுக்கை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனேன். பிள்ளைகளிடம் அம்மாவுக்கு விரதம் என்று சொல்லிவைத்தேன். அவரும் வந்து கூப்பிடவில்லை. இங்கேயும் இலை தனியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். புதன்கிழமை காலை அவர் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"கெளம்பு. பஸ்சு வந்துரும்."

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பயமாக இல்லையா என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கீது. அதுக்கின்னா பண்றது."

என் கல்யாண வாழ்க்கையில் அவர் சொன்னதிலேயே பெரிய வார்த்தை அதுதான்.

குப்பம்மா ஊசியால் செய்ததைத்தான் திருவள்ளூர் ஆஸ்பத்திரி டாக்டரும் செய்தார். எனக்கு வந்திருப்பது தொழுநோய்தான் என்றார். இந்த வகை சுலபத்தில் ஒட்டுவதில்லை, மருந்து சாப்பிட்டால் குணமாகும், பாவம் புண்ணியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பொறுமையாக விளக்கினார். இன்னும் சில மாதம் விட்டிருந்தால் கை மடங்கியிருக்கும் என்றார். அடுத்த வாரம் பிள்ளைகளைக் கூட்டிப் போனோம். மூன்று பேரையும் சட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் கால்மணி நேரம் நான் எத்தனை தடவை வேலும் மயிலும் துணை என்று சொன்னேனோ. மூன்று பேருக்கும் ஒன்றுமில்லை.

நான்கு வருஷம் மாத்திரை சாப்பிட்டேன். எல்லாம் சுகமாக நடந்தது என்று சொல்லமாட்டேன். இரண்டாம் வருஷம் முழங்கை வீங்கிக் காய்ச்சல் வந்து, மருந்தே வேண்டாம் என்று ஒரு மாதம் நிறுத்தினேன். திருத்தணிக்குப் போய்க் குப்பம்மாவின் கையைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் மறுபடி ஆரம்பித்தேன். கிருத்திகைதோறும் மலையேறிவிட்டு, இறங்கும்போது குப்பம்மா பக்கத்தில் உட்கார்ந்து கொண்டுபோன சோற்றை இருவரும் சாப்பிடுவோம். ஒரு மழைக்கால கிருத்திகையில் அவள் இடம் காலியாக இருந்தது. காய்ச்சலில் போய்விட்டாள் என்றார்கள். எங்கே அடக்கம் செய்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் படிக்கட்டிலேயே ஒரு அகல் ஏற்றிவைத்தேன்.

1972இல் மருந்து போதும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். தேமல் மங்கிவிட்டது. சுண்டுவிரல் மட்டும் லேசாக வளைந்திருக்கிறது, அதில் இன்றைக்கும் சூடு தெரியாது. செய்தி எப்படியோ அய்யாவுக்குப் போயிருக்கிறது. டாக்டர் சீட்டைக் கொண்டுவந்து காட்டினால் முகாமில் சேர்த்துக்கொள்கிறோம் என்று ஆள் அனுப்பினார். சீட்டைக் காட்டிவிட்டு உட்காருகிற பந்தி எனக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டு வருஷம் கழித்துத் திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டில் சுலோச்சனாவைப் பார்த்தேன். அவளாகத்தான் வந்தாள். மகனுக்குக் கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். அப்புறம் அவளே சொன்னாள்.

"பொண்ணுக்கு அப்போ சம்பந்தம் பேசிக்கினு இருந்தாங்கக்கா. பக்கத்துலயே படுத்துக்கினு இருந்தவன்னு தெரிஞ்சா இன்னா ஆவும்னு பயந்துட்டேன். நானே முந்தி சொல்லிட்டா என்ன வுட்டுருவாங்கன்னு..."

மகளுக்கு எத்தனை குழந்தைகள் என்று கேட்டேன். இரண்டு என்றாள். நல்லா இருக்கட்டும் என்றேன். என் பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

மன்னித்துவிட்டாயா என்று கேட்பீர்கள். பொய் சொல்லத் தெரியவில்லை. அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னும் இரண்டு வருஷம் ரவிக்கைக்குள் ஒளித்து வைத்துக் கையை இழந்திருப்பேன். அது எனக்குத் தெரிகிறது. முருகன் அந்தக் குழியிலிருந்தே எனக்கு வழி வெட்டினான். அதனால் குழி வெட்டியவள் செய்தது சரி என்று ஆகிவிடாது. மன்னிக்கிற மனசைக் கொடு என்று கிருத்திகைக்குக் கிருத்திகை கேட்கிறேன். ஒன்றைக் கொடுத்தவன் இதையும் கொடுப்பான். இன்னும் கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து ஒன்று மாறியிருக்கிறது. யாருக்குப் பிச்சை போட்டாலும் குனிந்து, முகத்தைப் பார்த்து, கையில்தான் வைக்கிறேன். கோயில் வாசலிலோ சந்தையிலோ ஒரு தேமலைப் பார்த்தால் பேசாமல் போகிறதில்லை. மெதுவாகப் பேச்சுக்கொடுத்து, புதன்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன். சிலர் திட்டியிருக்கிறார்கள். சிலர் வந்திருக்கிறார்கள்.

சொந்தங்களே, உங்களைக் கைவிட்டவர்கள் சாமி பேரைச் சொல்லிக்கொண்டு கைவிட்டிருக்கலாம். அவர்களை வைத்து அவனை எடைபோடாதீர்கள். கோபமாக இருந்தால் கோபத்தோடே கேளுங்கள். அவன் கேட்கிறான். பதில் நாம் தலைநிமிர்ந்து பார்க்காத இடத்திலிருந்து வரும், அவ்வளவுதான்.

இந்தக் கூட்டத்தில் யாருக்காவது கிள்ளினால் வலிக்காத தேமல் இருந்தால், கூட்டம் கலைந்த பிறகு என் வீட்டுப் பக்கம் வாருங்கள். பெயர் சொல்லவேண்டாம், நான் கேட்கவும் மாட்டேன். புதன்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன்.